மந்திரவாதிக்கும் ஒரு மாமன் இருப்பான்

மும்பை கோவண்டியில் என் பைண்டிங் கடை பத்தடிக்கு எட்டடி. 1971-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவியில் தொழில் பழகி, பிறகு இங்கே கடை போட்டவன் நான். இப்போது வருவதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், கோவில் ரசீதுப் புத்தகம், கடைக் கணக்கு நோட்டு. ஒரு காலத்தில் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, நாடா கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பொன்னியின் செல்வனை மட்டும் எத்தனை வீட்டுக்குத் தைத்தேன் என்று கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவாஜி நகரிலிருந்தும் சீத்தா கேம்பிலிருந்தும் ஐந்தாறு பிள்ளைகள் வந்து உட்கார்கிறார்கள். எல்லாரும் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் சிலர், அம்மாவிடம் மட்டும் தமிழ் கற்றவர்கள் சிலர். பழைய கால ராஜா, மந்திரம், பழிவாங்க வரும் பகைவன் என்று வைத்து நாவல் எழுதப் போகிறோம், என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள் தாத்தா என்று கேட்டார்கள். நான் நாவல் எழுதியவன் இல்லை. தைத்தவன், தைக்கிற சாக்கில் படித்தவன். தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

1.

மந்திரம் தனி, குடும்பம் தனி, பகை தனி என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஆச்சி வீட்டு வாசற்படி உளுத்துப்போய், அதைப் பெயர்த்தெடுத்தார்கள். மண்ணுக்குள் ஒரு செப்புத் தகடு கிடந்தது. உள்ளங்கை அகலம். கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஓர் எழுத்து. மூலையில் ஒரு துளை, துளையில் கருப்பு நூல் கொஞ்சம் மிச்சம். ஆச்சி அதைக் கையால் தொடவில்லை. முறத்தில் தள்ளி எடுத்துப்போய்க் கிணற்றடியில் வைத்தாள். “யார் வச்சது?” என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லார் மனதிலும் ஒரே ஆள்தான்: தாத்தாவின் தம்பி. பாகம் பிரித்தபோது ஒரு வரப்பு தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று அவருக்குத் தாங்கல் இருந்தது.

தகட்டை அவர்தான் வைத்தாரா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணம் போய்வருவது நின்றது. சின்னத் தாத்தா செத்தபோது ஆச்சி பந்தலுக்கு வெளியே நின்றுதான் அழுதாள்.

செய்வினை என்றதும் நம் சனம் முன்பின் தெரியாதவனையா நினைக்கிறது? பங்காளியை நினைக்கும், சம்பந்தியை நினைக்கும். ஒரே பானையில் சோறு தின்றவர்களுக்கு நடுவேதான் மந்திரம் நடமாடுகிறது. நீங்கள் கொண்டுவரும் கதைகளில் மந்திரவாதி எங்கோ மலைக்குகையில் மண்டையோட்டு மாலையோடு உட்கார்ந்திருக்கிறான். இருக்கட்டும். அவன் யார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவன், எந்தப் பந்தியிலிருந்து எழுப்பிவிடப்பட்டவன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

2.

பொன்னியின் செல்வனை 2022-லும் 2023-லும் படமாகப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் பாதிப் பேர் இங்கே வந்தீர்கள். சந்தோஷம். அதன் அடியில் ஒரு கல் இருக்கிறது. நாவலுக்கு முன்னால் அந்தக் கல்லைப் படியுங்கள். இந்த அறிவுரைகளில் ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்.

காட்டுமன்னார்கோவிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோவில். அங்கே ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய 987. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனை, அதாவது ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்கிறது: சோமன், அவன் தம்பி ரவிதாசன், அவன் தம்பி பரமேசுவரன். அண்ணன் தம்பிகள். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டம், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராஜன் என்று பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஒரு தம்பியின் பட்டத்தில் பாண்டியன், இன்னொரு தம்பியின் பட்டத்தில் சோழன். காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்கள் இல்லை, அரசுப் பட்டம் சுமந்தவர்கள்.

அதற்கு அடுத்த வரிகள்தான் என்னை உலுக்கியவை. யார் யார் சொத்தைப் பறிக்க வேண்டும் என்று ஆணை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. கொன்றவர்கள், அவர்கள் தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார். பேரப்பன்மார். தாயோடு பிறந்த மாமன்மார். அவர்கள் உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள். அவர்கள் பெற்ற பெண்களைக் கட்டியவர்கள். பிறகு அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைகொடுத்து வாங்கிக் கோவில் அறத்துக்கு எழுதிவைத்தார். அதனால்தான் செய்தி கல்லில் ஏறி நமக்குக் கிடைத்தது.

கரிகாலன் செத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆன பிறகு வந்த ஆணை இது. அத்தனை காலம் கழித்து ஒருநாள் காலையில் சபையார் வந்து வாசலில் நிற்கிறார்கள். கையில் ஓலை. வீட்டுக்காரன் செய்தது என்ன? ரவிதாசனின் தங்கையைக் கட்டினான், அவ்வளவுதான். நாற்று நட்ட வயல் போயிற்று, மனை போயிற்று. அவள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான். பிள்ளைகளா, உங்கள் நாவலின் பகைவன் அந்தப் பார்வையில் பிறக்கிறான். அந்த வீட்டில் ஒரு பையன் இருந்திருப்பான் அல்லவா? அவன் பன்னிரண்டு வயதில் எதைப் பார்த்தான் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் ஆதித்த கரிகாலனைப் பற்றி ஒரு சுலோகம். பாண்டியன் தலையைத் தன் ஊரில் வெற்றித்தூணாக நாட்டினான், வானுலகைக் காணும் ஆசையில் மறைந்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. நடுவில் யாரும் குத்தவில்லை, யாரும் கொல்லவில்லை. ஆனால் தலை வெட்டியதையும் தலைவன் மறைந்ததையும் ஒரே சுலோகத்தில் வைத்த அந்தப் புலவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

பொன்னியின் செல்வனை எழுதிய கல்கி இதையெல்லாம் படித்துவிட்டு உட்கார்ந்தவர். 1950 அக்டோபர் 29 ‘கல்கி’ இதழில் தொடர் தொடங்குகிறது. முதல் காட்சி ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் வந்தியத்தேவன். உடையார்குடிக் கல் இருப்பது அதே ஏரியை ஒட்டிய ஊரில். குற்றப் பத்திரிகை கிடக்கும் ஊரிலிருந்தே கதையைத் தொடங்கியிருக்கிறார். நந்தினி கல்வெட்டில் இல்லை, அவர் படைத்தவள். தலை போன அந்தப் பாண்டியன், வீரபாண்டியன் உயிருக்காக அவள் கரிகாலன் காலில் விழுந்து கெஞ்சியதையும் அவரே படைத்தார். பகைக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது, அந்த முகத்தைச் சோழ வீட்டுக்குள்ளேயே விளையாடி வளர்ந்தவளாக வைத்தார். அவள் யார் மகள் என்ற கேள்வி அந்த அரண்மனை முழுவதையும் அரிக்கிறது. கொன்ற கை எது என்று அவர் கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. அந்த அடக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

3.

மந்திரத்துக்கு விதி வேண்டும். அதைப் பழையனூர் நீலியிடம் படியுங்கள். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர்தான் பழையனூர். சம்பந்தர் தேவாரத்திலேயே அவள் வஞ்சத்துக்குக் குறிப்பு உண்டென்றால் கதையின் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தன்னைக் கொன்ற கணவனை அடுத்த பிறவியிலும் தேடி வருகிறாள் நீலி. அவன் கையில் மந்திரித்த வாள். அது இருக்கும்வரை அவளால் கிட்டே போக முடியாது. விதி அவ்வளவுதான், சின்னப் பிள்ளைக்கும் புரியும். அவள் என்ன செய்கிறாள்? ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் போய் அழுகிறாள். நான் இவர் பெண்டாட்டி, இது இவர் பிள்ளை, வாளைக் காட்டி மிரட்டுகிறார், அதை வாங்கி வையுங்கள் என்கிறாள். வேளாளர் எழுபது பேர் அவனிடம் வாளை வாங்கிவிட்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு என்று சொல்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் நீலி இசக்கியாகிவிட்டாள். கோவில் கொடையில் வில்லுப்பாட்டாக இரவெல்லாம் கேட்டிருக்கிறேன். வாளைக் கொடுக்கும் இடம் வரும்போது அண்ணாவி குரலைத் தாழ்த்துவார், குடம் அடிக்கிறவர் கையை எடுத்துவிடுவார். வில்லில் கட்டிய மணி மட்டும் லேசாக ஆடும். பெண்கள் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் வராது. அவன் கொலைகாரன் என்று எல்லாருக்கும் தெரியும், நீலி ஜெயிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. ஆனாலும் வாளைக் கொடுத்துவிடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அவள் ஆயுதம் எது என்று கவனியுங்கள். பெண்டாட்டி என்ற உறவுதான். அவளுக்கு நேர்ந்த கொடுமையும் அந்த உறவில் நேர்ந்ததுதான். பழிக்கு விலை கொடுத்ததோ சம்பந்தமே இல்லாத எழுபது பேர். உங்கள் மந்திரம் ஒவ்வொரு முறை பலிக்கும்போதும் விலை யார் கொடுத்தார்கள் என்று பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வாருங்கள். யாரும் கொடுக்காத இடத்தில் அத்தியாயத்தைக் கிழித்துவிடுங்கள்.

4.

பேய்நெருப்பைப் பார்க்க நீங்கள் எங்கும் போக வேண்டாம். பொன்னியின் செல்வனில் கோடிக்கரைச் சதுப்பில் இரவில் குப்குப் என்று எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைப் பூங்குழலி வந்தியத்தேவனுக்குக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்பாளே, அந்த இடம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பூமிக்குள்ளிருந்து கிளம்பும் வாயுதான் அது என்ற விளக்கத்தையும் கல்கி சேர்த்தே வைத்திருக்கிறார்.

நம் தேவனார் குப்பைமேட்டை நினைத்துப் பாருங்கள். 1927-லிருந்து இந்த நகரம் கொட்டிய குப்பை மலையாக நிற்கிறது. உள்ளே அழுகி மீத்தேன் ஆகி, ராத்திரியில் நீலமும் சிவப்புமாகத் தானே பற்றிக்கொள்ளும். 2016 ஜனவரியில் நாள்கணக்கில் எரிந்தது, அந்தப் புகை செயற்கைக்கோள் எடுத்த படத்திலும் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். உங்களில் சிலர் அன்றைக்கு வாயில் ஈரத் துணியோடு படுத்திருந்தீர்கள். குப்பை பொறுக்கப் போகும் பெண்கள் அந்த நெருப்பை எப்படித் தாண்டுகிறார்கள், எந்த இடத்தில் கால் வைக்க மாட்டார்கள், எந்த இடத்தில் ஆவி அலைவதாகச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். காரணம் தெரிந்த பிறகும் அந்த நெருப்பைப் பார்த்தால் முதுகு சில்லிடுகிறது. கதையிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். முதலில் பயப்பட விடுங்கள், பிறகு தெரியப்படுத்துங்கள், தெரிந்த பின்னும் கொஞ்சம் பயம் மீதி இருக்கட்டும்.

5.

தஞ்சாவூர் பார்த்ததில்லையே என்று வருத்தப்படும் பிள்ளைக்கு: போரிவலிக்கு டிக்கெட் எடு. குர்லாவில் மாறு, தாதரில் மாறு. ஏக்சரில் வீரகற்கள் நிற்கின்றன. கடற்போர் செதுக்கிய கல், வரிசை வரிசையாகத் துடுப்புக் கப்பல்கள், மேலே வீரன் சொர்க்கம் போகிறான். நம் ஊர் நடுகல்லின் ஒன்றுவிட்ட தம்பி.

அதைவிட முக்கியம் கழுதைக் கல். மராத்தியில் கதேகாள் என்பார்கள். சிலாஹார மன்னர்கள் காலத்திலிருந்து கொங்கணக் கரையெங்கும் நட்டவை. மேலே சூரியனும் சந்திரனும், நடுவில் நிலதான எழுத்து, அடியில் ஒரு பெண்ணும் கழுதையும். இந்தத் தானத்தைக் கெடுத்தவனுடைய தாய்க்கு இந்தக் கதி ஆகட்டும் என்று சாபம். நம் கல்வெட்டுகளிலும் சந்திரன் சூரியன் உள்ளவரை என்று எழுதி, கெடுத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிப்பார்கள். அங்கே எழுத்து, இங்கே படம். போலீஸ் இல்லாத காலத்தில் வரப்பைக் காத்தது மந்திரச் சொல்தான்.

ஆனால் அந்தக் கல்லின் முன் நின்றால் எனக்கு மனம் பொறுக்காது. திருடியவன் மகன், கேவலம் தாய்க்கு. உடையார்குடியிலும் இதே கதை, கொன்றவர்கள் அண்ணன் தம்பிகள், வீதிக்கு வந்தது தங்கையும் மகளும். இங்கே வரும் தங்கச்சிகளே, ஆயிரம் வருஷமாக அந்தக் கல்லில் கிடப்பவளுக்கு ஒரு பெயர் வைத்து, அவளை எழுந்து வரச் சொல்லி எழுதினால் நான் காசு வாங்காமல் தைத்துத் தருவேன்.

6.

பகைவனைச் சாதி பார்த்து, மதம் பார்த்துப் பொறுக்காதீர்கள். உடையார்குடிக் கல்வெட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கும் இந்தச் சாதி அந்தச் சாதி என்று அடித்துக்கொள்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக் கொலைக்கு இன்றைய தெருவில் கணக்குத் தீர்க்க உங்கள் நாவல் உதவக் கூடாது.

1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் இந்து-முஸ்லிம் கலவரம் நடந்தபோது நான் இதே கோவண்டியில் இருந்தேன். எங்கள் சந்தில் எல்லா வீட்டு ஆம்பிளைகளும் முறைபோட்டு ராத்திரி விழித்திருந்தோம். எனக்கு எதிர் வீட்டு பாய் அண்ணன் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருவார். ஒரு ராத்திரி அவர் தம்பி வீடு திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவர் டீ கொண்டுவந்து ஊற்றினார். கை நடுங்கி என் வேட்டியில் சிந்தியது, அவர் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பகைவனாக நினைத்திருக்கலாம், அதற்கு ஒரு கணம் போதும். நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை என்று முப்பது வருஷமாக யோசிக்கிறேன். பழி வாங்குகிறவனைப் பற்றி எழுதும்போது, வாங்க முடிந்தும் வாங்காத ஒருவனும் அந்தக் கதையில் நடமாட வேண்டும்.

7.

“அடே மூடா, என் வாளுக்கு இரையாகு” என்று யாரும் பேச வேண்டாம். ராஜா வீட்டிலும் அத்தை இருந்தாள், மருமகளை ஜாடை பேசினாள். உங்கள் வீட்டில் கேட்கிற தமிழைக் கொஞ்சம் துடைத்து அவர்கள் வாயில் வையுங்கள். காணி, வேலி, கழஞ்சு, நாழி என்ற பழைய அளவுகளைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். வீரபாண்டியன் காலத்தில் மிளகாய் கிடையாது, மிளகுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் வேண்டாம்.

8.

தொடர்கதையைத் தைப்பவனுக்கு ஒரு விஷயம் தெரியும். பக்கங்களை எட்டெட்டாக அடுக்கி ஃபாரமாக்கி, முதுகில் ரம்பத்தால் கீறி, மெழுகு தேய்த்த நூலால் ஒன்றோடொன்று பிணைப்போம். மைதா பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடாவிட்டால் பூச்சி தின்றுவிடும். அதெல்லாம் சரியாகச் செய்தும் சில கதைகள் புத்தகமானதும் செத்துவிடும். வாரக் கடைசியில் திடுக்கென்று நிறுத்துவதற்காகவே எழுதிய இடங்கள் அடுத்த பக்கம் உடனே கிடைக்கும்போது சப்பென்று போகும். பொன்னியின் செல்வன் 1954 வரை மூன்றரை வருஷம் ஓடிய தொடர், ஐந்து பாகம். அது புத்தகமான பிறகும் ஏன் நிற்கிறது? அவர் வாரக் கடைசியில் தொங்கவிட்டது பெரும்பாலும் ஒரு உறவுக் கேள்வியை. யார் மகள், யார் அண்ணன், யாரை நம்புவது. கத்தி விழுமா என்பது அடுத்த பக்கத்தில் தீர்ந்துவிடும், யார் மகள் என்பது தீராது. ஓவியர் மணியம் வரைந்த படங்கள் உள்ள பக்கத்தைச் சிலர் தனியாகக் கிழித்துவைத்துக்கொள்வார்கள், அந்த இடத்தில் புத்தகம் பல் போன வாயாக இருக்கும். அப்படியும் படித்தார்கள்.

9.

எழுதியதை முதலில் என்னிடம் கொண்டுவராதீர்கள். அம்மாவுக்கோ அத்தைக்கோ வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்கட்டும். பகைவன் வரும் இடத்தில் கத்தி நின்றால், “ஐயோ, அவன் அம்மா இருக்காளா?” என்று கேட்டால், அந்தப் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு என்னிடம் வாருங்கள். கோடு போட்ட தாள் வேண்டாம், வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் ஒரு அங்குலம் விடுங்கள், தைக்க வேண்டும்.